'கட்டளை காணப்படவில்லை': பொதுநிறுவல் கட்டளைவரிக் கருவிகள் இயங்காமையின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச்சுருக்கம்

கணினியில் ஒரு கருவியை முறைப்படி நிறுவிய பின்னும், அதன் பெயரைக் கட்டளைவரியில் தட்டச்சிட்டால் 'கட்டளை காணப்படவில்லை' என்னும் செய்தி தோன்றுவது பரவலாக அறியப்பட்ட இடர்ப்பாடாகும். இது பெரும்பாலும் பயனரின் அறியாமையாகவோ கருவியின் குறையாகவோ கொள்ளப்படுகிறது. 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் உருவான தேடல்பாதை முறை முதல், 2023இல் லினக்ஸ் வெளியீடுகள் பைத்தான் நிறுவலுக்கு விதித்த கட்டுப்பாடு வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. கருவியை வைக்கும் அதிகாரமும் அதைத் தேடும் அதிகாரமும் தொடக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தன. பின்னர் அவை பிரிந்தன. 'பொது' என்னும் சொல்லின் பொருளும் அப்போது மாறியது. இம்மாற்றமே இவ்விடர்ப்பாட்டின் அடிப்படை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கட்டளைவரி, தேடல்பாதை, பொதுநிறுவல், யூனிக்ஸ், தொகுப்பு மேலாளர், பயனர் உரிமை, பிழைச்செய்தி

1. முன்னுரை

சுட்டியும் சாளரமும் பரவிய பின்னரும் கணினியில் கட்டளைவரி தன் இடத்தை இழக்கவில்லை. உரைத்தரவுகளைத் தொகுத்தல், படிமங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தல், இணையச் செயலிகளை உருவாக்குதல் முதலிய பணிகளுக்குரிய கருவிகள் பலவும் இன்றும் கட்டளைவரிக் கருவிகளாகவே வெளியிடப்படுகின்றன. இதனால் மொழியியல், இலக்கியம், வரலாறு ஆகிய துறைகளின் ஆய்வாளர்களும் இவற்றைக் கையாள வேண்டிய தேவை ஏற்பட்டுள்ளது.

இத்தகைய கருவியைக் குறிப்பிட்ட ஒரு திட்டத்திற்கு மட்டும் உரியதாக நிறுவலாம். எந்த அடைவில் இருந்துகொண்டு அழைத்தாலும் இயங்குமாறும் நிறுவலாம். பின்னதைக் 'குளோபல்' நிறுவல் என்பர். இக்கட்டுரையில் அது 'பொதுநிறுவல்' எனக் குறிக்கப்படுகிறது. நிறுவல் இனிதே முடிந்தது எனத் தெரிவித்த அதே திரை, கருவியின் பெயரைத் தட்டச்சிட்டவுடன் அப்படியொரு கட்டளையே இல்லை என மறுப்பதுண்டு. இந்த முரணே இங்கு ஆய்வுச் சிக்கலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நிறுவும் நிரல் ஒன்று. தேடும் நிரல் வேறொன்று. முன்னது, கருவியை வட்டில் ஓரிடத்தில் வைக்கிறது. பின்னது, தனக்குச் சொல்லப்பட்ட இடங்களில் மட்டும் பார்க்கிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி தரும் மூன்றாவது ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த ஏற்பாடு ஏன் இல்லாமற்போயிற்று என்பதை வரலாற்று நோக்கில் காண்பது, பிழையைக் களைவதற்கும் துணைபுரியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. தேடல்பாதையின் தோற்றம்

யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. பயனர் தட்டச்சிடும் கட்டளையைப் பெற்று உரிய நிரலை இயக்கும் பணியை 'ஷெல்' என்னும் தனி நிரல் ஏற்றது. தாம்சனும் ரிட்சியும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அதன் தேடல்முறை விளக்கப்பட்டுள்ளது. தட்டச்சிடப்பட்ட பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என ஷெல் முதலில் பார்க்கும். இல்லையெனில் அப்பெயருக்கு முன் 'பின்' என்னும் அடைவின் பெயரைச் சேர்த்து மீண்டும் முயலும். அனைவரும் பயன்படுத்தத்தக்க கட்டளைகள் யாவும் அந்த ஓர் அடைவில் வைக்கப்பட்டிருந்தன. இருமக் கோப்புகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே 'பின்' என்பது.

இந்நிலையில் 'பொது' என்பதன் பொருள் தெளிவானது. கணிப்பொறி ஒன்று, அதைப் பகிரும் பயனர் பலர், அனைவருக்கும் உரியது 'பின்' அடைவு. அதில் ஒரு நிரலை வைக்க உரிமை பெற்றவர்களே ஷெல் எங்குத் தேட வேண்டும் என்பதையும் முடிவு செய்தனர். வைக்கும் அதிகாரமும் தேடும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமையால் இரண்டுக்குமிடையே பிணக்கு எழ இடமில்லை.

அவ்வொருமை நெடுநாள் நிலைக்கவில்லை. அக்காலத்து மாற்றத்தக்க வட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 மெகாபைட் மட்டுமே கொள்ளும். நிரல்கள் பெருகியபோது, முதலில் பயனர்களின் கோப்புகளுக்கென இருந்த 'யூசர்' அடைவின் கீழும் ஒரு 'பின்' அடைவு உருவாயிற்று. இட நெருக்கடியில் பிறந்த இந்த இரட்டை அமைப்பு, வட்டுகள் பன்மடங்கு பெருகிய பின்னும் நீடித்தது. 2012இல் ஃபெடோரா 17 வெளியீட்டில் இவ்விரு அடைவுகளும் ஒன்றாக்கப்பட்டன. பிற லினக்ஸ் வெளியீடுகள் அதனைப் பின்பற்றின.

தேடும் இடங்களைப் பயனரே வரையறுக்கலாம் என்னும் கருத்து 1970களின் நடுப்பகுதியில் ஜான் மாஷி உருவாக்கிய ஷெல்லில் இடம்பெற்றது. பெரிய மென்பொருள் குழுக்களுக்கென அமைந்த யூனிக்ஸ் பதிப்பு அது. குழு ஒவ்வொன்றும் தனக்கெனக் கருவிகளை வைத்துக்கொள்ள விரும்பும் சூழலில் ஒற்றைப் பொது அடைவு போதாமற்போவது இயல்பே. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்னின் ஷெல் இக்கருத்தை முழுமைப்படுத்தியது. 'பாத்' என்னும் சூழல்மாறியில், தேட வேண்டிய அடைவுகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக எழுதப்பட்டன. அதன் இயல்புநிலை மதிப்பில் மூன்று இடங்கள் இருந்தன: பயனர் அப்போது இருக்கும் அடைவு, 'பின்' அடைவு, 'யூசர்' அடைவின் கீழுள்ள 'பின்' அடைவு. இன்றைய லினக்ஸ், மேக் கணினிகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

தற்போதைய அடைவை முதலில் தேடும் வழக்கம் பாதுகாப்பற்றது என்பது விரைவில் உணரப்பட்டது. பொதுவாகப் பயன்படும் கட்டளையின் பெயரில் ஒரு தீய நிரலை ஓர் அடைவில் வைத்துவிட்டால், அவ்வடைவுக்கு வரும் எவரும் அறியாமல் அதனை இயக்கிவிடுவர். ஆகவே நாளடைவில் அது தேடல்பாதையிலிருந்து நீக்கப்பட்டது. கண்முன் இருக்கும் கோப்பின் பெயரைத் தட்டச்சிட்டும் 'காணப்படவில்லை' என்னும் விடை வருவதற்கும், பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இட வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. பிழையெனத் தோன்றும் இந்நிலை உண்மையில் ஒரு காப்பு ஏற்பாடு.

3. மரபுரிமையும் நினைவும்

சூழல்மாறி என்னும் ஏற்பாட்டின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. யூனிக்ஸில் இயங்கும் ஒவ்வொரு செயல்முறையும் தன்னைத் தோற்றுவித்த தாய்ச் செயல்முறையிடமிருந்து சூழல்மாறிகளின் ஒரு படியைப் பிறக்கும்போதே பெறுகிறது. தாய் பின்னர்ச் செய்யும் மாற்றம் சேய்க்குத் தெரியாது. சேய் செய்யும் மாற்றம் தாயைச் சென்றடையாது. எனவே நிறுவும் நிரல் தேடல்பாதையைத் திருத்தும் பொருட்டுத் தொடக்கக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் முனையச் சாளரம் அதனை அறியாது. புதிய சாளரம் திறந்தவுடன் கருவி இயங்குவதை வியப்பாகக் காண்போர் உண்டு. ஏழாம் பதிப்பின் மரபுரிமை விதி அங்குத் தன் வேலையைச் செய்கிறது.

உபுண்டுவின் இயல்புநிலைத் தொடக்கக் கோப்பு இதற்கு நல்ல சான்று. பயனரின் இல்ல அடைவிற்குள் தனிக் கருவிகளுக்கென ஒரு 'பின்' அடைவு இருந்தால் மட்டுமே அதனைத் தேடல்பாதையில் சேர்க்குமாறு அக்கோப்பு எழுதப்பட்டுள்ளது. முதல் கருவியை நிறுவும்போதுதான் அவ்வடைவு உருவாகிறது. உள்நுழைந்த வேளையில் அது இல்லாதிருந்தமையால் தேடல்பாதையிலும் இடம்பெறவில்லை. வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பின்னரே முதல் கருவி இயங்கும். இரண்டாவது கருவிக்கு இத்தடை இராது.

எந்தத் தொடக்கக் கோப்பு படிக்கப்படும் என்பதும் ஷெல்லுக்கு ஷெல் மாறும். 2019இல் வெளியான மேக் ஓஎஸ் கேட்டலினா, புதிய பயனர் கணக்குகளுக்குரிய ஷெல்லாக 'பேஷ்' இருந்த இடத்தில் 'ஜீஷெல்'லை வைத்தது. பேஷுக்கென எழுதப்பட்ட தொடக்கக் கோப்புகளை ஜீஷெல் படிப்பதில்லை. பழைய ஷெல்லிலிருந்து மாறியவர்களுக்கு, அக்கோப்புகளில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த தேடல்பாதை வரிகள் பயனற்றுப்போயின. குறித்த நேரத்தில் பணிகளைத் தாமே தொடங்கும் 'கிரான்' நிரலோ, இத்தொடக்கக் கோப்புகளைப் படிக்காமல் மிகச் சுருங்கிய ஒரு தேடல்பாதையுடன் இயங்குவது. பகலில் முனையத்தில் இயங்கிய கருவி இரவில் கிரான் வழியாக அழைக்கப்படும்போது காணாமற்போவதன் காரணம் இதுவே.

தேடல் விரைவுக்கெனச் சேர்க்கப்பட்ட நினைவும் ஒரு காரணமாகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய 'சிஷெல்', தேடல்பாதையிலுள்ள அடைவுகளின் உள்ளடக்கத்தை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைத்துக்கொண்டது. அதன் பின் நிறுவப்பட்ட கருவி, அட்டவணையைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தந்தாலன்றிக் கண்ணில் படாது. பேஷ் சற்றே வேறுபட்டது. ஒருமுறை கண்டறிந்த கருவியின் இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். கருவியை நீக்கி வேறிடத்தில் நிறுவினால், பேஷ் பழைய முகவரிக்கே சென்று அங்குக் கோப்பு இல்லை எனத் திரும்பும்.

4. முதல் வரி சுட்டும் நிரல்

கட்டளைக் கருவிகள் பலவும் இருமக் கோப்புகளாக இல்லாமல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட உரைக்கோப்புகளாகவே உள்ளன. அவற்றை இயக்க வேறொரு வரிமொழிமாற்றி தேவை. உரைக்கோப்பின் முதல் வரியில் ஒரு குறியீட்டையும் வரிமொழிமாற்றியின் முகவரியையும் எழுதி, இயங்குதளமே அதனை அழைத்துக்கொள்ளச் செய்யும் முறையை 1980இல் டென்னிஸ் ரிட்சி முன்மொழிந்தார். பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்புகள் வழியாக அது பரவியது.

இம்முறையால் ஒரு கருவியை இயக்குதல் இரண்டு தேடல்களாகப் பிரிந்தது. கருவியை ஷெல் தேடுகிறது. வரிமொழிமாற்றியை முதல் வரி சுட்டுகிறது. கருவி கிடைத்து வரிமொழிமாற்றி கிடைக்காவிடில், இயங்குதளம் 'அத்தகைய கோப்பு இல்லை' என்கிறது. பயனரோ கருவியின் கோப்பைக் கண்ணால் காண்கிறார். எந்தக் கோப்பு இல்லை என்பதைச் செய்தி தெளிவாகக் கூறாத இடங்களில் இதனால் விளையும் குழப்பம் பெரிது. விண்டோஸில் எழுதிய கோப்பின் வரியிறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியெழுத்து கூடுதலாக நிற்கும். லினக்ஸில் அது வரிமொழிமாற்றியின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், இருக்கின்ற வரிமொழிமாற்றியும் இல்லாததாகிவிடுகிறது.

வரிமொழிமாற்றியின் பெயரே சிக்கலான வரலாறும் உண்டு. நோட் ஜேஎஸ் 2009இல் ரயன் டாலால் அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் இயங்குகோப்பின் பெயர் 'நோட்'. டெபியன் லினக்ஸிலோ அதே பெயரில் அமெச்சூர் வானொலி அன்பர்களின் நிரல் ஒன்று முன்னரே இருந்தது. 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு இவ்வழக்கை ஆராய்ந்தது. அதன் முடிவின்படி புதிய மென்பொருளின் இயங்குகோப்பு 'நோட்ஜேஎஸ்' என்னும் பெயரில் வழங்கப்பட்டது. பழைய பெயரை விரும்புவோர் தனியொரு தொகுப்பை நிறுவ வேண்டியிருந்தது. உலகெங்கும் எழுதப்பட்ட கருவிகளின் முதல் வரிகள் 'நோட்' என்றே அழைத்தமையால், டெபியன், உபுண்டு பயனர்கள் நிறுவிய கருவிகள் பல இயங்க மறுத்தன. சில ஆண்டுகளுக்குப் பின்னரே அம்முடிவு விலக்கிக்கொள்ளப்பட்டது. நிறுவியவரும் பிழை செய்யவில்லை; கருவியை எழுதியவரும் பிழை செய்யவில்லை. ஒரு பெயருக்கு உரிமை கோரிய இரு சமூகங்களின் வழக்கு, தொடர்பற்ற மூன்றாமவரின் திரையில் பிழைச்செய்தியாக வெளிப்பட்டது.

5. 127, 126: இரு குறியெண்கள்

யூனிக்ஸ் வகைகள் பெருகியபோது அவற்றிடையே ஒருமை காணும் முயற்சியாகப் போசிக்ஸ் தரநிலைகள் உருவாயின. ஷெல்லுக்குரிய தரநிலை 1992இல் ஏற்கப்பட்டது. இயங்காத கட்டளைக்கு ஷெல் தர வேண்டிய முடிவுக் குறியெண்களை அது இரண்டாக வகுத்தது. கட்டளை காணப்படவில்லை எனில் 127. காணப்பட்டது, ஆயினும் இயக்க இயலவில்லை எனில் 126.

இப்பகுப்பு பிழைநாடலில் மிகுந்த பயனுடையது. 127 எனில், ஆராய வேண்டியது தேடல்பாதை. 126 எனில், ஆராய வேண்டியது கோப்பின் இயக்க உரிமை, அல்லது கோப்பு வேறு வகைச் செயலிக்கென ஆக்கப்பட்டதா என்பது. ஆனால் இப்பகுப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பல கருவிகளின் முதல் வரி வரிமொழிமாற்றியை நேரடியாகச் சுட்டாமல், 'என்வ்' என்னும் இடைநிரல் வழியாக அதனைத் தேடல்பாதையில் தேடச் செய்கிறது. வரிமொழிமாற்றி கிடைக்காதபோது 'என்வ்' தருவதும் 127ஏ. அதாவது, கருவி கிடைத்துவிட்ட பின்னரும் 'கிடைக்கவில்லை' என்னும் குறியெண் வரக்கூடும். செய்தியின் தொடக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, ஷெல்லா 'என்வ்' நிரலா என நோக்கினால் இவ்வையம் நீங்கும்.

6. 'பொது' என்பதன் பொருள்மாற்றம்

இயங்குதளத்தோடு வந்த நிரல்களும், ஓரிடத்தின் நிர்வாகி தாமே சேர்த்த நிரல்களும் கலந்துவிடாதிருக்க, பின்னவற்றை 'யூசர்' அடைவின் கீழ் 'லோக்கல்' என்னும் தனி அடைவில் வைக்கும் மரபு ஏற்பட்டது. 1994இல் முதன்முதலாக வெளியான லினக்ஸ் கோப்பு அடைவுத் தரநிலையும் இதனை ஏற்றது. உள்ளிடத்தைக் குறிக்கும் 'லோக்கல்' என்ற சொல், அந்தக் கணிப்பொறிக்கு மட்டும் உரியது என்ற பொருளில் வழங்கியது. அக்கணிப்பொறியின் பயனர் அனைவருக்கும் அது பொதுவே.

பல்கலைக்கழகக் கணினி மையங்களில் இன்னொரு தேவையும் எழுந்தது. ஒரே கருவியின் பல பதிப்புகள் பலருக்குத் தேவைப்பட்டன. ஜான் ஃபர்லானி 1991இல் விளக்கிய 'மாட்யூல்ஸ்' முறை, பயனர் வேண்டும் பதிப்பைக் கேட்டதும் அவருடைய தேடல்பாதையை அதற்கேற்ப மாற்றித் தந்தது. உயர்திறன் கணினி மையங்களில் இன்றும் இம்முறை வழக்கிலுள்ளது. உரிய மாட்யூலை ஏற்றாமல் கருவியை அழைக்கும் ஆய்வாளர் அங்கும் 'காணப்படவில்லை' என்னும் விடையையே பெறுவார்.

தனியாள் கணினிகள் பெருகிய பின் நிலைமை அடிப்படையிலேயே மாறியது. கணினி ஒன்றுக்குப் பயனர் பெரும்பாலும் ஒருவரே ஆனார். ஆனால் அவர் கையாளும் திட்டங்கள் பல. 2010இல் ஐசக் ஷ்லூட்டர் வெளியிட்ட என்பிஎம் என்னும் தொகுப்பு மேலாளர், 2011 மே மாதம் வெளிவந்த 1.0 பதிப்பில் ஒரு தெளிவான பிரிவினையைச் செய்தது. சிறப்பாகக் குறிப்பிடாவிடில் நிறுவல் அந்தத் திட்டத்திற்கு மட்டும் உரியது. 'குளோபல்' எனக் குறித்தால் எல்லாத் திட்டங்களுக்கும் பொது. இங்குப் 'பொது' என்பது பல பயனர்களுக்குப் பொது என்பதிலிருந்து, ஒரு பயனரின் பல திட்டங்களுக்குப் பொது என மாறிவிட்டது.

சொல்லின் பொருள் மாறியதே தவிர, பொருள் வைக்கும் இடம் மாறவில்லை. என்பிஎம் தன் பொதுநிறுவல் இடத்தை, நோட் ஜேஎஸ் எங்கு நிறுவப்பட்டிருக்கிறதோ அதைக்கொண்டு முடிவு செய்கிறது. லினக்ஸ், மேக் கணினிகளில் அது பெரும்பாலும் 'யூசர்' அடைவின் கீழ் அமைந்தது. அவ்விடத்தில் எழுத நிர்வாகி உரிமை வேண்டும். ஒரு தனிமனிதரின் கருவிப்பெட்டி, ஊர்ப்பொது நிலத்தில் வைக்கப்பட்டதை ஒத்த நிலை இது. நோட் ஜேஎஸ்ஸின் பல பதிப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் 'என்விஎம்' போன்ற கருவிகளில் வேறொரு விளைவு உண்டு. பதிப்பு ஒவ்வொன்றுக்கும் பொதுநிறுவல் இடம் தனி. பதிப்பை மாற்றியவுடன், முந்தைய பதிப்பின் கீழ் நிறுவிய 'பொது' கருவிகள் மறைகின்றன. அழிந்தவையல்ல அவை, தேடல்பாதை அவற்றைக் கடந்து சென்றுவிட்டது.

பைத்தானிலும் இதே போக்கைக் காணலாம். 2008இல் வெளியான 2.6 பதிப்பு, பயனரின் இல்ல அடைவிலேயே தொகுப்புகளை வைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இடத்திற்கான உரிமைச் சிக்கல் தீர்ந்தது. அவ்விடம் தேடல்பாதையில் இருக்க வேண்டும் என்னும் புதிய சிக்கல் தோன்றியது. மேக் கணினிகளுக்கு 2009இல் மேக்ஸ் ஹோவெல் உருவாக்கிய ஹோம்புரூ நெடுங்காலம் 'யூசர்-லோக்கல்' அடைவில் இயங்கியது. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறியபின், அக்கணினிகளில் ஹோம்புரூ 'ஆப்ட்' என்னும் அடைவின் கீழ் இடம்பெயர்ந்தது. இப்புதிய இடம் இயல்புநிலைத் தேடல்பாதையில் இல்லாமையால், அதனைச் சேர்க்கும் பணி பயனரிடமே விடப்பட்டது.

7. நிர்வாகி உரிமை என்னும் குறுக்குவழி

பொதுநிறுவல் உரிமைக் குறைவால் தடைபடும்போது, கட்டளைக்கு முன் 'சூடோ' சேர்த்து நிர்வாகியாக இயக்குவது பரவலான வழக்கமாயிற்று. 1980 அளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவான இந்நிரல், வரையறுக்கப்பட்ட பணிகளுக்கு மட்டும் நிர்வாகி உரிமையைத் தற்காலிகமாக வழங்குவதற்கென எழுந்தது. தொகுப்பு மேலாளரை இவ்வுரிமையுடன் இயக்குவது, அது கொண்டுவரும் தொகுப்புகளின் நிறுவல் நிரல்களுக்கும் கணினியின் திறவுகோலைத் தந்துவிடும் இடரை உடையது.

இதன் விளைவு 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டது. என்பிஎம் 5.7.0 பதிப்பிலிருந்த ஒரு பிழையால், 'சூடோ' வழியாக அதனை இயக்கியவர்களின் கணினிகளில் இயங்குதளத்துக்குரிய கோப்புகளின் உடைமை சாதாரணப் பயனருக்கு மாற்றப்பட்டது. சில கணினிகள் இயங்கும் நிலையையே இழந்தன. திருத்தப்பட்ட 5.7.1 பதிப்பு உடனடியாக வெளியிடப்பட்டது. உரிமைப் பிழை எழும்போது பதிப்பு மேலாளர் ஒன்றைப் பயன்படுத்துமாறும், அல்லது பொதுநிறுவல் இடத்தை இல்ல அடைவுக்கு மாற்றுமாறும் என்பிஎம்மின் ஆவணங்கள் பரிந்துரைக்கின்றன.

'சூடோ' தேடலையும் மாற்றக்கூடியது. பல லினக்ஸ் வெளியீடுகளில் அது பயனரின் தேடல்பாதையைத் தள்ளிவிட்டுப் பாதுகாப்பான தன் பட்டியலையே பயன்படுத்துகிறது. தனக்கு இயங்கும் கருவி, கூடுதல் உரிமையுடன் அழைத்தால் காணாமற்போவதன் விளக்கம் இது.

இப்போக்கின் அண்மைக் கட்டம் 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 ஆகும். பைத்தான் சமூகம் வகுத்த 668ஆம் முன்மொழிவை ஏற்று, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் 'பிப்' வழியாகத் தொகுப்புகளை நிறுவுவதை அது மறுத்தது. கருவி ஒவ்வொன்றுக்கும் தனிச்சூழல் அமைக்குமாறு பயனர் வழிப்படுத்தப்படுகிறார். 2017இல் என்பிஎம்முடன் இணைக்கப்பட்ட 'என்பிஎக்ஸ்', நிறுவாமலே கருவியை அழைக்கும் வசதியைத் தந்தது. பொதுநிறுவல் என்னும் கருத்தையே தேவையற்றதாக்கும் திசையில் இரண்டும் செல்கின்றன.

8. விண்டோஸ் மரபு

1983இல் வெளியான எம்எஸ்-டாஸ் 2.0, அடைவுகளையும் தேடல்பாதையையும் ஒருசேர அறிமுகப்படுத்தியது. யூனிக்ஸின் செல்வாக்கு அதில் தெளிவு. எனினும் அடைவுகளைப் பிரிக்க அரைப்புள்ளி பயன்பட்டது. தற்போதைய அடைவே முதலில் தேடப்பட்டது. யூனிக்ஸ் கைவிட்ட அவ்வழக்கத்தை டாஸ் மரபு தொடர்ந்தது. 2006இல் வெளியான பவர்ஷெல் அதனைக் கைவிட்டது. எனவே விண்டோஸின் ஒரு கட்டளைச் சாளரத்தில் இயங்கும் கோப்பு மற்றொன்றில் இயங்காதிருக்கலாம்.

விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது, அதனைத் தேடல்பாதையில் சேர்க்கும் தெரிவு இயல்பாகக் குறியிடப்படாமலே இருக்கும். என்பிஎம் கருவிகள் பவர்ஷெல் எழுத்துருக்களாகவும் வைக்கப்படுவதால், எழுத்துருக்களை இயக்கவிடாத இயல்புநிலைக் கொள்கை அவற்றைத் தடுக்கிறது. இங்குக் கருவி கிடைத்தும் அனுமதி கிடைக்கவில்லை. தேடல்பாதையைத் திருத்தப் பயன்படும் 'செட்எக்ஸ்' கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதைத் துண்டித்துவிடும். ஒரு கருவியைச் சேர்க்க முயன்று ஏற்கெனவே இயங்கிய பலவற்றை இழக்க இது காரணமாவதுண்டு.

9. ஒரு சான்று: தமிழ் எழுத்துணரி

மேற்கண்டவை ஒருங்கே வெளிப்படும் இடமாக டெசராக்ட் எழுத்துணரியைக் கொள்ளலாம். 1980களில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் தொடங்கப்பட்டு 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இக்கட்டளைவரிக் கருவி, தமிழ் அச்சுப் பக்கங்களை எழுத்துரையாக மாற்றவும் பயன்படுகிறது. பைத்தான் வழியாக இதனை அழைக்க ஒரு நூலகம் உண்டு. நூலகத்தை நிறுவுவதால் எழுத்துணரி நிறுவப்படுவதில்லை, இரண்டும் தனித்தனி. எழுத்துணரி கிடைக்காதபோது, அது நிறுவப்படவில்லை அல்லது தேடல்பாதையில் இல்லை என அந்நூலகம் தெரிவிக்கிறது.

இச்செய்தியிலுள்ள 'அல்லது' என்னும் சொல் நேர்மையானது. தேடும் நிரலுக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வழியில்லை. தான் பார்க்காத இடத்தில் என்ன இருக்கிறது என அதற்குத் தெரியாது. அவ்வேறுபாட்டைக் காண வேண்டியவர் ஆய்வாளரே. வட்டில் எழுத்துணரியின் கோப்பு எங்குள்ளது எனக் கண்டு, முழு முகவரியுடன் அதனை இயக்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அவ்வாறு இயங்கினால் குறை தேடல்பாதையில். இயங்காவிடில் குறை நிறுவலில், உரிமையில் அல்லது சார்ந்திருக்கும் கோப்புகளில். தமிழுக்குரிய பயிற்சித் தரவு தனிக்கோப்பு. அதற்கெனத் தனியொரு சூழல்மாறியும் உண்டு. கருவி கிடைத்த பின்னும் தமிழ்த்தரவு கிடைக்கவில்லை என்னும் செய்தி வருமாயின், அது இரண்டாம் தேடலின் தோல்வி.

பலர் பகிரும் துறைக் கணினியில் ஆய்வாளருக்கு நிர்வாகி உரிமை இராது. நிர்வாகியாக இயக்குக என்னும் அறிவுரை அவருக்குப் பயன்படாது. முழு முகவரியைத் தருதல், இல்ல அடைவில் நிறுவித் தன் தேடல்பாதையில் சேர்த்தல், திட்டத்திற்கெனத் தனிச்சூழல் அமைத்தல் ஆகிய மூன்றும் எவர் அனுமதியுமின்றி அவரால் இயல்வன. தேடும் அதிகாரம் 1979இலேயே பயனர் கைக்கு வந்துவிட்டது என்பதை அறிந்தவருக்கு இவ்வழிகள் புலப்படும்.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• பொதுநிறுவல் கருவி இயங்காமை, வைக்கும் நிரலுக்கும் தேடும் நிரலுக்கும் இடையிலான இசைவின்மையின் வெளிப்பாடு. தொடக்கால யூனிக்ஸில் ஒரே கையிலிருந்த இவ்விரு அதிகாரங்களும் தேடல்பாதையின் வருகையால் பிரிந்தன.

• 'பொது' என்னும் சொல் பயனர் பலருக்கு உரியது என்பதிலிருந்து திட்டங்கள் பலவற்றுக்கு உரியது எனப் பொருள் மாறியது. வைக்கும் இடமோ பழைய பொருளுக்கு உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. உரிமைப் பிழைகளின் ஊற்று இதுவே.

• பிழைச்செய்திகள் வரலாற்று அடுக்குகளைச் சுட்டுகின்றன. கருவி எங்கு வைக்கப்பட்டது, ஷெல் எங்குத் தேடுகிறது, தேடியது இன்றைய பட்டியலிலா பழைய நினைவிலா, முதல் வரி சுட்டும் வரிமொழிமாற்றி உள்ளதா, இயக்க உரிமை உள்ளதா என்னும் ஐந்து வினாக்களும் அவ்வடுக்குகளின் வரிசையிலேயே அமைகின்றன.

• நிர்வாகி உரிமையுடன் மீண்டும் நிறுவுதல் இவ்வினாக்களுள் எதற்கும் விடையாவதில்லை. அது வினாவை மறைத்துப் புதிய இடரைச் சேர்க்கிறது.

கணினிவழி ஆய்வுமுறைகளைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் கருவிகளின் பயன்பாட்டோடு, அவை கணினியில் எங்கு வாழ்கின்றன, எவ்வாறு தேடப்படுகின்றன என்பதையும் ஓர் அலகாகச் சேர்ப்பது நலம். நிறுவிய கருவி இயங்காமையால் ஒரு முறையியலையே கைவிடும் நிலை ஆய்வாளருக்கு நேராதிருக்க அது உதவும்.